சக்கரம் சுற்றாமல் வனைந்த பானைகள்: அமெரிக்கத் தொல்குடிகளின் மண்பாண்டம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொலம்பஸுக்கு முந்தைய அமெரிக்காவின் பானைகளைப் படத்திலோ அருங்காட்சியகத்திலோ பார்த்தவர்களுக்கு வழக்கமாக எழும் கேள்விகள் இவை. இரண்டு கண்டங்கள், பல ஆயிரம் ஆண்டுகள், நூற்றுக்கணக்கான மக்கள். எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் அடைக்க முடியாது. செய்முறை நன்றாகத் தெரிந்த இடங்களில், குறிப்பாக அமெரிக்கத் தென்மேற்கில் புவெப்லோ என்னும் தொல்குடி மக்களின் ஊர்களிலும் பெருவின் வடகரையிலும், கூடுதல் நேரம் நிற்கிறோம்.

அமெரிக்காவில் பானை செய்யத் தொடங்கியது எப்போது?

இதுவரை கிடைத்தவற்றில் மிகப் பழையவை பிரேசிலில், அமேசான் ஆற்றங்கரையில் சந்தரேம் நகருக்கு அருகிலுள்ள தபெரிஞ்யா என்ற சிப்பிமேட்டில் கிடைத்த ஓடுகள். ஏறத்தாழ 7,000 முதல் 8,000 ஆண்டுகள் பழையவை. கொலம்பியாவின் சான் ஹசிந்தோ, ஈக்வடார் கடற்கரையின் வல்தீவியா ஆகியவை அடுத்து வருகின்றன. வட அமெரிக்காவில் ஜார்ஜியா, தென் கரோலினா பகுதியில் சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முன் தாவர நார் கலந்த மண்ணால் பானை செய்தார்கள். சுடும்போது நார் எரிந்துபோய், ஓட்டில் புழு அரித்தது போன்ற துளைகள் மட்டும் மிஞ்சியிருக்கும். அதை வைத்தே இவ்வகையை அடையாளம் காண்கிறார்கள்.

வல்தீவியா பானை ஜப்பானிலிருந்து படகில் வந்தவர்கள் கற்றுக்கொடுத்தது என்று 1960களில் ஒரு கருத்து பரபரப்பாகப் பேசப்பட்டது. அதைவிடப் பழைய ஓடுகள் தென் அமெரிக்காவிலேயே கிடைத்த பிறகு அந்தக் கருத்துக்கு இன்று ஆதரவாளர்கள் மிகக் குறைவு.

அவர்களுக்குச் சக்கரமே தெரியாதா?

தெரியும். மெக்சிகோவின் வேராகுரூஸ் பகுதியில் நான்கு சக்கரம் பொருத்திய சிறு களிமண் விலங்குப் பொம்மைகள் கிடைத்திருக்கின்றன. குயவர் சக்கரத்தை மட்டும் யாரும் பயன்படுத்தவில்லை. ஐரோப்பியர் வந்த பிறகுதான் அது அங்கே நுழைந்தது.

சக்கரம் வேகத்துக்கு உதவும் கருவி. ஒரே அளவில் நிறையப் பானைகளைச் சந்தைக்கு அனுப்புபவருக்கு அது தேவை. வீட்டுக்கும் உறவுக்கும் செய்துகொள்ளும் ஊரில் அந்த அவசரம் இல்லை. நிறையச் செய்ய வேண்டி வந்த இடங்களில், உதாரணமாகப் பெருவில், அச்சில் அழுத்தி எடுத்தார்கள். சக்கரத்துக்கு மணலும் சொரசொரப்பும் குறைந்த மண் வேண்டும். இல்லாவிட்டால் கை தேயும். கையால் வனைவதற்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. சொரசொரப்பான மண்ணோ திறந்த நெருப்பையும் அடுப்புச் சூட்டையும் நன்றாகத் தாங்கும்.

மண்ணை எப்படித் தேர்ந்தெடுத்துப் பக்குவப்படுத்தினார்கள்?

ஆற்றோர வண்டல், மலைச்சரிவில் தெரியும் களிப்பாறை, வறண்ட ஓடைப் படுகை ஆகியவையே வழக்கமான இடங்கள். புவெப்லோ குயவர்கள் தோண்டிய மண்ணை வெயிலில் நன்றாகக் காயவைத்து, உடைத்து, வேர், கல் பொறுக்கி, தண்ணீரில் ஊறப்போடுவார்கள். காய்ந்த மண் தண்ணீரைச் சட்டென்று இழுத்துக்கொண்டு தானாக உதிரும். ஈரமண்ணை அப்படியே போட்டால் கட்டி கட்டியாக நிற்கும். முதலில் முழுக்கக் காயவைப்பது இதற்காகத்தான். பிறகு கரைசலை வடிகட்டி, தெளிய விட்டு, மேல்நீரை இறுத்து, பிசையும் பதத்துக்கு வரும்வரை உலர்த்துவார்கள்.

மண் நல்லதா என்று பார்க்க மூன்று சோதனைகள் போதும். சுண்டுவிரல் பருமனுக்கு ஒரு திரி உருட்டி விரலைச் சுற்றி வளைத்துப் பாருங்கள். வெடித்தால் பிசுபிசுப்பு போதாது. அடுத்து, ஒரு பட்டையில் சரியாக 10 செ.மீ. இடைவெளியில் இரண்டு கோடு கீறி, முழுக்கக் காய்ந்தபின் அளக்க வேண்டும். 9.2 செ.மீ. ஆகியிருந்தால் சுருக்கம் 8 விழுக்காடு. அதைத் தாண்டினால் பானை காயும்போதே விரிசல் விடக்கூடும். மண்ணில் கலக்கும் மணல் போன்ற சேர்மானத்தைக் கூட்ட வேண்டும். கடைசியாக, காய்ந்த மண்ணில் சில சொட்டு வினிகர் விட்டால் நுரைக்கிறதா என்று பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. அது என்ன செய்யும் என்பதைக் கீழே உடைப்பு பற்றிய பதிலில் பார்க்கலாம்.

மண்ணில் எதையாவது கலப்பது ஏன்? என்னென்ன கலந்தார்கள்?

தனிக் களிமண் மிகவும் சுருங்கும், ஈரத்தை உள்ளே பூட்டிவைக்கும். அதில் களிமண் அல்லாத துகள்களைக் கலந்தால் சுருக்கம் குறையும், நீராவி வெளியேற வழி கிடைக்கும், ஒரு விரிசல் தொடங்கினாலும் துகளில் முட்டி நின்றுவிடும். பொதுவான அளவு, கன அளவில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை. அதற்கு மேல் போனால் திரி உருட்டும்போதே ஒடியும்.

எதைக் கலந்தார்கள் என்பது ஊருக்கு ஊர் மாறும். தொல்லியலாளர் ஓடு ஒன்றைக் கையில் எடுத்ததும் முதலில் உடைந்த விளிம்பைத்தான் பார்ப்பார், சித்திரத்தை அல்ல. நியூ மெக்சிகோவின் அக்கோமாவில் பழைய ஓட்டாஞ்சில்லுகளை அரைத்துச் சேர்ப்பது வழக்கம். ஏற்கனவே சுட்ட மண் என்பதால் சூட்டில் அதன் நடத்தை சுற்றியுள்ள மண்ணோடு ஒத்துப்போகும்; அங்கே பானைச் சுவர் மெல்லிசாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம். ஒருவகையில் பாட்டியின் உடைந்த பானை பேத்தியின் பானைக்குள் போய்ச் சேர்கிறது. சான் இல்டெஃபான்சோ, சாந்தா கிளாரா ஊர்களில் எரிமலைச் சாம்பல். டாவோஸ், பிக்குரிஸ் ஊர்களில் மண்ணிலேயே மைக்கா மின்னும், தனியாகச் சேர்க்க வேண்டியதில்லை. அந்தப் பானைகள் அடுப்பில் வைத்துச் சமைக்கப் பெயர்பெற்றவை.

அமேசான் பகுதியில் கரைப்பே என்ற மரத்தின் பட்டையை எரித்து, சிலிக்கா நிறைந்த அந்தச் சாம்பலைக் கலந்தார்கள். ஆற்று நீரில் வளரும் நன்னீர்ப் பஞ்சுயிரி என்ற உயிரினத்தின் ஊசி போன்ற துகள்களும் அங்கே சேர்மானம்தான். அந்த ஊசிகள் மண்ணுக்குள் நார்போலப் பின்னிக் கிடந்து பானைக்கு வலுவூட்டும். வனைபவரின் கையை அரிக்கவும் செய்யும்.

மிசிசிப்பி ஆற்றுப் படுகையில் கி.பி. முதல் ஆயிரத்தாண்டின் பிற்பகுதியில் ஒரு பெரிய மாற்றம் நடந்தது. மணலையும் ஓட்டுத்தூளையும் விட்டுவிட்டு, ஆற்றுச் சிப்பி ஓட்டைச் சுட்டு நொறுக்கிச் சேர்க்கத் தொடங்கினார்கள். சிப்பித்துகள் தட்டையாக இருப்பதால் பானைச் சுவரில் அடுக்கடுக்காகப் படுத்து விரிசலைத் தடுக்கும். மெல்லிய சுவரும் உருண்டை வயிறும் கொண்ட பெரிய பானைகள் இதனால் வந்தன. மக்காச்சோளத்தை நெடுநேரம் கொதிக்கவைக்க அவை ஏற்றவை. மக்காச்சோளம் அங்கே முக்கிய உணவாக மாறிய காலத்தோடு இந்த மாற்றம் ஒட்டி வருவது தற்செயலாகத் தெரியவில்லை.

சக்கரம் இல்லாமல் உருண்டையாக வனைவது எப்படி?

புவெப்லோ முறை இது. ஆழமில்லாத கிண்ணம் ஒன்றை எடுத்து, உள்ளே சாம்பல் தூவி, அடையாகத் தட்டிய மண்ணை அதில் அழுத்துவார்கள். புக்கி என்று பெயர்கொண்ட இந்தக் கிண்ணம் பானையின் அடிக்கு அச்சாகவும், வனையும்போது மெதுவாகத் திருப்பிக்கொள்ளும் தாங்கியாகவும் பயன்படும்.

பிறகு உள்ளங்கைகளுக்கு நடுவே திரி உருட்டி விளிம்பின்மேல் வளையமாக வைத்து, உள்ளும் புறமும் விரலால் கீழ்நோக்கி இழுத்து ஒட்டவேண்டும். மூன்று நான்கு சுற்றுக்கு ஒருமுறை நிறுத்தி, சுரைக்குடுக்கைத் துண்டால் உள்ளிருந்து வெளிப்பக்கமாக வழித்துத் தள்ளினால் சுவர் மெலியும், வயிறு புடைக்கும். கீழ்ச்சுற்று சற்று இறுகும்வரை மேலே ஏற்றக்கூடாது. அவசரப்பட்டால் தன் பாரத்தால் பானை உட்கார்ந்துவிடும். இறுகிய விளிம்பில் புதிய திரி வைக்கும்போது அதை ஈரப்படுத்திக் கீறிவிடாவிட்டால், சுட்டபின் அந்த இணைப்பிலேயே வளையமாகப் பிளக்கும். தோண்டிய இடங்களில் கிடைக்கும் ஓடுகளில் பல இப்படித் திரிக்கோட்டில் உடைந்தவைதான்.

முழுப் பானையும் அரை ஈரத்துக்கு வந்ததும் வெளிப்புறத்தைச் சுரண்டி 5, 6 மி.மீ. கனத்துக்குக் கொண்டுவருவார்கள். எங்கும் ஒரே கனம் வேண்டும். அடி தடித்தும் தோள் மெலிந்தும் இருந்தால் இரண்டும் வெவ்வேறு வேகத்தில் காயும், நடுவே கோடு விழும்.

தெற்கு அரிசோனாவின் ஹோஹோகாம் மக்கள் சுரண்டவில்லை. உள்ளே ஒரு கல்லைத் தாங்கிப் பிடித்து வெளியே மரப்பலகையால் தட்டி மெலிதாக்கினார்கள். இந்தியக் குயவர்களின் கைக்கும் பழகிய அதே தட்டு முறைதான். இரண்டுக்கும் தொடர்பு ஏதும் இல்லை, மண் இரு இடத்திலும் ஒரே பாடத்தைச் சொல்லிக்கொடுத்திருக்கிறது.

சில சமையல் பானைகளில் வெளிப்புறம் சுருள் சுருளாக விடப்பட்டிருக்கிறதே, அலுப்பா?

இல்லை, அது கூடுதல் வேலை. ஒவ்வொரு திரியையும் விரல் நுனியால் ஒரே இடைவெளியில் அழுத்திக்கொண்டே போகவேண்டும். உள்ளே வழவழப்பாகவும் வெளியே சொரசொரப்பாகவும் இருக்கும் இந்தப் பானை கையில் வழுக்காது, சூட்டுக்கு எளிதில் வெடிக்காது, பொங்கி வழிவதும் குறைவு. கி.பி. 1000 முதல் 1300 வரையான புவெப்லோ வீடுகளில் அடுப்புக்கு இது, பரிமாறவும் சேமிக்கவும் வழவழப்பான வண்ணப் பானை என்று தெளிவான பிரிவு இருந்தது.

கண்ணாடிபோல் மின்னுகிறதே, மேலே என்ன பூசியிருக்கிறார்கள்?

பெரும்பாலும் வெறும் மண்தான். மிக நுண்ணிய களிமண்ணைத் தண்ணீரில் கரைத்துப் பானைமேல் பல முறை பூசி, ஈரம் இருக்கும்போதே வழவழப்பான கூழாங்கல்லால் தேய்ப்பார்கள். தட்டையான நுண்துகள்கள் எல்லாம் ஒரே திசையில் படுத்துக்கொள்வதால் ஒளி சிதறாமல் திரும்புகிறது.

தொடங்கினால் நடுவில் நிறுத்த முடியாது என்பது இதன் சிரமம். பாதியில் காய்ந்த இடத்தில் கல் பட்டால் கீறல் விழும். அப்புறம் முழுவதையும் தேய்த்தெடுத்து மறுபடி பூசவேண்டும். ஈரம் அதிகமானால் பூச்சு கல்லோடு உரிந்து வரும். மெருகு முடிந்த பானையை வெறும் கையால் தொட்டால் விரல் ரேகை சுட்டபிறகும் தெரியும், துணியால்தான் பிடிப்பார்கள். நல்ல மெருகுக்கல் தாயிடமிருந்து மகளுக்குப் போகும் சொத்து.

நெருப்புச் சூடு அதிகமானால் இந்த மெருகு மங்கிவிடும். மெருகிட்ட பானைகளைக் குறைந்த சூட்டில் சுட்டதும், அதனால் அவை தண்ணீருக்கு ஆகாமல் போனதும் இந்தக் காரணத்தால்தான்.

வண்ணங்களுக்கு என்ன பயன்படுத்தினார்கள்? தூரிகை?

சிவப்புக்கு இரும்புக் காவி, வெள்ளைக்குக் கயோலின் மண், கருப்புக்கு மாங்கனீசும் இரும்பும் கலந்த தாது. தென்மேற்கில் தாவரக் கருப்பும் உண்டு. அங்கே வளரும் ஒருவகை வேளைச் செடியைக் கட்டுக்கட்டாகப் பறித்துக் கொதிக்கவைத்து, சாறு பாகுபோல் இறுகும்வரை வற்றவிட்டு, வில்லையாக உலர்த்தி வைப்பார்கள். குவாக்கோ என்று பெயர். தேவைப்படும்போது நனைத்துத் தீட்டலாம். நம் நாய்வேளையும் தைவேளையும் அதற்கு உறவுச் செடிகள்தான்.

தூரிகை என்பது கற்றாழை போன்ற யூக்கா செடியின் இலையில் ஒரு கீற்று. நுனியை மென்று சதையை நீக்கினால் நார் மட்டும் நிற்கும். எத்தனை நார் விடுகிறோமோ அத்தனை பருமனுக்குக் கோடு. வட மெக்சிகோவின் மாதா ஓர்த்திஸ் ஊரில் இன்று மனித முடியால் கட்டிய தூரிகை பயன்படுகிறது.

வண்ணத்தில் யாரை முதலில் சொல்வது என்றால் தெற்குப் பெருவின் நாஸ்கா மக்களைத்தான். ஒரே பானையில் பத்துக்கும் மேற்பட்ட மண்நிறங்கள், எல்லாம் சுடுவதற்கு முன்பே தீட்டியவை. அவர்களுக்கு முந்தைய பராக்காஸ் பானைகளில் சுட்டபிறகு பிசின் கலந்த நிறத்தைப் பூசினார்கள். அது கண்ணைப் பறிக்கும், ஆனால் உதிரும். சுடுவதற்கு முன் தீட்டும் வழிக்கு மாறியதால் நாஸ்கா நிறங்கள் 1,500 ஆண்டுகளுக்குப் பிறகும் அப்படியே இருக்கின்றன.

சூளை இல்லாமல் எப்படிச் சுட்டார்கள்?

சில இடங்களில் சூளை இருந்தது. மெக்சிகோவின் வாஹாக்காவிலும், பெருவின் வடகரையில் பத்தான் கிராந்தே பகுதியிலும் கிடைத்திருக்கிறது. அமெரிக்கத் தென்மேற்கின் மேசா வெர்தே வட்டாரத்தில் கல்பலகை பதித்த நீள்பள்ளங்களில் சுட்டார்கள்: அகலம் ஒரு மீட்டரைச் சற்றே தாண்டும், நீளம் பல மீட்டர். மற்றபடி திறந்தவெளி நெருப்புதான் பொது வழக்கம்.

காற்றில்லாத காலைநேரம் தேர்ந்தெடுப்பார்கள். முந்தைய நாள் மழை பெய்திருந்தால் தள்ளிப்போடுவார்கள். ஈரத்தரையிலிருந்து எழும் ஆவி பானையின் அடியை உடைக்கும். முதலில் தரையில் நெருப்பு மூட்டிக் காயவைத்து, அதன் அருகிலேயே பானைகளையும் சூடேற்றி மிச்ச ஈரத்தை ஓட்டவேண்டும். தணல்மேல் கற்களை வைத்து அவற்றின்மேல் பானைகளைக் கவிழ்த்து, விறகு நேரடியாகப் படாதபடி பெரிய உடைந்த ஓடுகளால் மூடி, சுற்றிலும் எரிபொருளை அடுக்குவார்கள். ஸ்பானியர் ஆடுமாடு கொண்டுவருவதற்கு முன் விறகு மட்டும். அதன்பின் வரட்டியும் சேர்ந்தது. வரட்டி சீராக எரியும், இடிந்து விழாமல் பானைக்குக் கூடாரம்போல் நிற்கும்.

உச்சச் சூடு பெரும்பாலும் 600 முதல் 900 டிகிரி செல்சியஸுக்குள். பற்றவைத்து ஒரு மணிநேரத்துக்குள்ளேயே வந்துவிடும், நெடுநேரம் நிற்காது. சுமார் 600 டிகிரிக்குக் கீழே நின்றுவிட்டால் மண் வேகாது. தண்ணீரில் போட்டால் மறுபடி சேறாகும்.

அரிசோனாவின் ஹோப்பி மக்கள் தனிவழி போனார்கள். கி.பி. 1300 வாக்கில் அருகிலிருந்த நிலக்கரியைத் தோண்டி அதனால் சுட்டார்கள். விறகைவிடச் சூடு அதிகம், நீடித்தும் நிற்கும். இரும்பு குறைந்த அவர்களுடைய சாம்பல்நிற மண் அந்தச் சூட்டில் பொன்மஞ்சளாக மாறியது. கல்போல் கெட்டியான அந்த மஞ்சள் பானைகள் வெகுதூரம் வணிகத்தில் போயிருக்கின்றன.

ஒரே மண் சிவப்பாகவும் கருப்பாகவும் வருவது எப்படி?

மண்ணிலுள்ள இரும்பு, காற்று கிடைத்தால் சிவக்கும். நெருப்புக்குக் காற்று மறுக்கப்பட்டால் இரும்பு கருக்கும், புகைக்கரியும் நுண்துளைகளில் புகுந்து படியும்.

சான் இல்டெஃபான்சோ ஊரின் மரியா மார்த்தினெஸும் அவருடைய கணவர் ஹூலியானும் புகழ்பெறச் செய்த கருப்புப் பானைகள் இப்படித்தான் வந்தன. சிவப்புப் பூச்சிட்டு மெருகேற்றிய பானையின்மேல் ஹூலியான் மண்கரைசலால் சித்திரம் தீட்டுவார். தீட்டிய இடம் மங்கலாகவும் மீதி பளபளப்பாகவும் நிற்கும். நெருப்பு உச்சத்துக்கு வந்ததும் பொடித்த காய்ந்த குதிரைச் சாணத்தைக் கொட்டி அமுக்கிவிடுவார்கள். எங்காவது புகை பீறிட்டால் அந்த ஓட்டையை உடனே இன்னும் பொடி போட்டு அடைக்கவேண்டும். அரைகுறையாக அடைத்தாலோ, ஆறும் முன்னே அவசரமாகத் திறந்தாலோ, காற்று பட்ட பக்கம் பழுப்பாகும். இந்தக் கருப்பின்மேல் கருப்பு முறை 1920 வாக்கில் உருவானது. மெருகிட்ட கருப்புப் பானை அதைவிட மிகப் பழையது.

தாவரக் கருப்பால் தீட்டிய பழைய வெள்ளைப் பானைகளுக்கு இதைவிடக் கவனம் தேவை. காற்று அதிகமானால் தீட்டிய கரி எரிந்து மறையும். புகை அதிகமானால் வெள்ளை சாம்பலாகும். அதனால்தான் நீள்பள்ளத்தில் சுட்டு, சரியான நேரத்தில் மேலே மண்ணைத் தள்ளி மூடினார்கள்.

சுடும்போது பானை ஏன் உடைகிறது?

எந்தக் கட்டத்தில், எப்படி உடைந்தது என்று பார்த்தால் காரணம் தெரியும்.

நெருப்பு மூட்டிய சில நிமிடங்களில் டப்பென்று வெடித்து, வட்ட வட்டமாகச் சில்லு தெறித்திருந்தால் உள்ளே ஈரம் இருந்திருக்கிறது. தண்ணீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,700 மடங்கு பெருகும். வெளியேற வழியில்லாவிட்டால் சுவரைப் பெயர்த்துக்கொண்டு போகும். பானை காய்ந்ததாகத் தெரிந்தாலும் கன்னத்தில் வைத்துப் பார்த்தால் குளிர்ச்சியாக இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

விளிம்பிலிருந்து கீழ்நோக்கி ஒற்றைக் கோடாக விரிந்திருந்தால் ஒரு பக்கம் மட்டும் சூடேறியிருக்கிறது, அல்லது காற்று வீசியிருக்கிறது. ஆறும்போது ணங் என்று கேட்டு உடைந்தால் சீக்கிரம் வெளியே எடுத்ததுதான் காரணம். மணலிலுள்ள குவார்ட்ஸ் 573 டிகிரியில் தன் அமைப்பை மாற்றிச் சட்டென்று சுருங்கும். அந்தக் கட்டத்தை மெதுவாகக் கடக்கவேண்டும்.

மிகவும் ஏமாற்றுவது சுண்ணாம்பு. நல்லபடியாகச் சுட்டு எடுத்து வைத்த பானையில் சில நாள் கழித்துச் சிறுசிறு சில்லாகப் பெயரும்; ஒவ்வொரு குழியின் அடியிலும் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும். சுண்ணாம்புக்கல்லோ சிப்பியோ 650, 700 டிகிரியைத் தாண்டினால் சுட்ட சுண்ணாம்பாகச் சிதையத் தொடங்கும், பிறகு காற்றின் ஈரத்தை இழுத்து ஊதிப் பெருக்கும். சிப்பி கலந்த மிசிசிப்பிக் குயவர்கள் சூட்டைக் குறைவாக வைத்தே தப்பித்தார்கள். மண்ணில் சிறிது உப்பு சேர்த்தாலும் இந்தச் சிதைவு தள்ளிப்போகும்.

பூச்சு மட்டும் பொருக்குப் பொருக்காக உரிந்தால், பூச்சு மண்ணும் பானை மண்ணும் வெவ்வேறு அளவில் சுருங்கியிருக்கின்றன. பூச்சில் பானை மண்ணையே கொஞ்சம் கலப்பது அதற்கு மருந்து.

கிளேஸ் என்னும் கண்ணாடிப் பூச்சு இருந்ததா?

முழுப் பானையையும் மூடும் பூச்சாக இல்லை. நியூ மெக்சிகோவின் ரியோ கிராந்தே பகுதியில் கி.பி. 1300 முதல் 1700 வரை ஈயத்தாதுவை அரைத்துக் கோடு தீட்டினார்கள். சுட்டதும் அந்தக் கோடு மட்டும் கண்ணாடியாக உருகி நிற்கும். குவாத்தமாலாவின் பசிபிக் கரைப் பக்கம் செய்த பிளம்பேட் பானைகளில், பெயர் ஈயத்தைக் குறித்தாலும், ஈயமே இல்லை. பூச்சு மண்ணே பாதி உருகி உலோகப் பளபளப்பு பெற்றது.

பெருவின் மோச்சே பானைகளில் உண்மையான மனிதமுகம் தெரிகிறதே, எப்படிச் செய்தார்கள்?

மோச்சே மக்கள் பெருவின் வடகரையில் ஏறத்தாழ கி.பி. 100 முதல் 800 வரை வாழ்ந்தவர்கள். முதலில் திடமான களிமண்ணில் முகத்தைச் செதுக்குவார்கள். அது காய்ந்ததும் அதன்மேல் ஈரமண்ணைப் போர்த்தி, நெடுக்காக இரண்டாக அறுத்து எடுத்தால் இரண்டு பாதி அச்சு. சுட்ட அச்சில் மெல்லிய மண்தகட்டை அழுத்தி, சிறிது சுருங்கியதும் வெளியே எடுத்து, இரு பாதிகளையும் ஒட்டி, மேலே திறப்பு வழியாக விரலை விட்டு உள்மூட்டைத் தேய்ப்பார்கள். கழுத்தைத் தனியாகச் செய்து கடைசியில் பொருத்துவார்கள்.

ஒரே அச்சிலிருந்து வந்தாலும் வண்ணமும் தலைப்பாகையும் மாற்றித் தீட்டியிருப்பார்கள். உதட்டில் தழும்புள்ள ஒருவருடைய முகம் சிறுவயதிலிருந்து முப்பதுகள் வரை பல பானைகளில் வருவதை ஆய்வாளர் கிறிஸ்தோபர் டோனன் அடையாளம் கண்டார். அமெரிக்காவில் இன்னாரென்று அடையாளம் காணத்தக்க தனிமனித உருவங்கள் இத்தனை வேறெங்கும் இல்லை என்றே சொல்லலாம்.

தலைக்குமேல் வளைந்த இரட்டைக் குழாய் ஒரே வாயாகச் சேரும் கழுத்து பலருக்குப் புதிராக இருக்கும். தூக்கக் கைப்பிடி, திறப்பு சிறியதால் ஆவியாவது குறைவு, ஊற்றும்போது ஒரு குழாயில் நீர் வர மறு குழாயில் காற்று போகும் என்றெல்லாம் காரணம் சொல்வார்கள். இவ்வடிவம் மோச்சேக்கு ஆயிரம் ஆண்டு முன்பே அங்கே இருந்தது. எனவே பழக்கமும் மரபும்கூடக் காரணமாக இருக்கவேண்டும். லிமாவிலுள்ள லார்க்கோ அருங்காட்சியகத்தில் காட்சி அறையோடு சேமிப்பு அறையையும் பார்வையாளர் சுற்றிப் பார்க்கலாம். அலமாரி அலமாரியாகப் பானைகள்தான்.

விசில் அடிக்கும் பானை உண்மையா?

உண்மை. இரண்டு அறைகளை அடியில் குழாயால் இணைத்து, ஒன்றின் உச்சியில், பெரும்பாலும் ஒரு பறவையின் தலைக்குள், சிறு விசிலைப் புதைத்திருப்பார்கள். பாதி தண்ணீர் ஊற்றிச் சாய்த்தால் நீர் அடுத்த அறைக்குப் பாய்ந்து அங்குள்ள காற்றை விசில் வழியாகத் தள்ளும்.

மாயா குடிகலங்களில் விளிம்பைச் சுற்றி எழுதியிருப்பது என்ன?

பெரும்பாலும் ஒரு வாய்பாடு: இது தீட்டப்பட்டது, இது இன்னாரின் குடிகலம், இன்ன வகைக் கக்காவோவுக்கானது. கக்காவோ என்றால் சாக்லேட் பானம். குவாத்தமாலாவின் ரியோ அசுல் கல்லறையில் திருகுமூடி கொண்ட ஒரு சாடி கிடைத்தது. அதன்மேல் கக்காவோ என்று எழுத்தில் படித்ததை, உள்ளே ஒட்டியிருந்த கசடின் வேதிச் சோதனையும் உறுதிசெய்தது. மாயா நாட்டிலிருந்து வெகு வடக்கே, நியூ மெக்சிகோவின் சாக்கோ பள்ளத்தாக்கிலுள்ள உருளைச் சாடிகளிலும் கக்காவோத் தடயம் இருப்பது 2009இல் வெளியானது. அங்கே கக்காவோ மரம் வளராது. கொட்டை ஆயிரம் மைல் தாண்டி வந்திருக்கிறது.

மிம்ப்ரெஸ் கிண்ணங்களின் நடுவே ஏன் ஓட்டை?

நியூ மெக்சிகோவின் தென்மேற்கில் கி.பி. 1000 முதல் 1130 வரை மிம்ப்ரெஸ் மக்கள் தீட்டிய கிண்ணங்கள் அவை. உள்ளே முயல், மீன், வெட்டுக்கிளி, மனிதர் என்று துல்லியமான கோட்டுச் சித்திரங்கள். இறந்தவரைப் புதைக்கும்போது கிண்ணத்தின் நடுவைக் குத்தித் துளைத்து முகத்தின்மேல் கவிழ்த்தார்கள். உட்புறத் தேய்மானத்தைப் பார்த்தால் பல கிண்ணங்கள் அதற்குமுன் வீட்டில் புழங்கியவை என்று தெரிகிறது. ஆனால் இன்று நாம் பார்க்கும் கிண்ணங்களில் பெரும்பாலானவை கல்லறையைத் தோண்டி எடுத்தவை. புல்டோசர் வைத்தே சில ஊர்களைக் கொள்ளையர்கள் புரட்டிப்போட்டார்கள். படத்தில் பார்த்து ரசிக்கும்போதும் இது நினைவில் இருக்கட்டும்.

பழைய பானை விற்பனைக்கு வந்தால் வாங்கலாமா?

வேண்டாம். மெக்சிகோவில் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள் எல்லாம் நாட்டின் சொத்து. அமெரிக்காவில் அரசு நிலத்திலும் பழங்குடி நிலத்திலும் அனுமதியின்றித் தோண்டுவதை 1979ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. கல்லறைப் பொருள்களை உரிய மக்களிடம் திருப்பித்தர 1990இல் தனிச்சட்டம் வந்தது.

போலியும் ஏராளம். புற ஊதா விளக்கில் பார்த்தால் புதிய பசையும் ஒட்டுவேலையும் தனியாக ஒளிரும். கடைசியாக எப்போது சூடேறியது என்று கணிக்கும் வெப்பஒளிர்வுச் சோதனை உண்டு. ஆனால் உண்மையான பழைய அடிமேல் புதிய உடலை ஒட்டியிருந்தால், அடியில் எடுத்த மாதிரி பழையது என்றே சொல்லும். பெருவில் பழைய அச்சுகளே கிடைப்பதால் அதில் அழுத்தி எடுத்த புதுப்பானை வடிவத்தில் பிசகவே பிசகாது.

வீட்டில் செய்து பார்க்க முடியுமா?

முடியும். முதல் பானை ஒரு சாண் உயரத்தைத் தாண்டவேண்டாம். மூன்று பங்கு சலித்த களிமண்ணுக்கு ஒரு பங்கு நுண்மணல் அல்லது இடித்த ஓட்டுத்தூள். சுரைக்குடுக்கைக்குப் பதில் தேங்காய்ச் சிரட்டைத் துண்டு போதும். நிழலில் ஒரு வாரம், பிறகு வெயிலில் இரண்டு நாள். சுடும் அன்று காலை இரண்டு மணிநேரம் தணலருகே திருப்பித் திருப்பிச் சூடேற்றிவிட்டு, வரட்டி அடுக்கிப் பற்றவைத்து, தானாக அணைந்து கைபொறுக்கும் சூட்டுக்கு வரும்வரை தொடாதீர்கள். விரலால் சுண்டினால் கணீரென்றால் வெந்திருக்கிறது. மந்தமாக ஒலித்தால் விரிசல் உண்டு, அல்லது வேகவில்லை. சமைக்கும் முன் கஞ்சியைக் காய்ச்சி ஒரு நாள் ஊறவிட்டால் துளைகள் அடைபடும்.

இன்றும் இந்தக் கலை இருக்கிறதா?

இருக்கிறது. ஹோப்பிக் குயவர் நம்பேயோ 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சிக்யாட்கி என்ற பாழூரின் பழைய ஓடுகளைப் பார்த்து அந்தச் சித்திர மரபை மீட்டார். அவருடைய வழிவந்தவர்கள் இன்றும் வனைகிறார்கள். மெக்சிகோவின் மாதா ஓர்த்திஸில் ஹுவான் கெசாதா, பக்கிமே ஊர் இடிபாட்டு ஓடுகளை மட்டும் ஆசிரியராக வைத்துக்கொண்டு, மண், நிறம், தூரிகை, நெருப்பு எல்லாவற்றையும் தானே சோதித்துக் கண்டுபிடித்தார். விறகு பொறுக்கிக்கொண்டு திரிந்த ஒருவர் தொடங்கியது. இன்று அந்த ஊரில் பல குடும்பங்களுக்கு அதுவே பிழைப்பு. சில புவெப்லோக் குயவர்கள் இப்போது மின்சூளையில் சுடுகிறார்கள். உடைப்பு குறைவு, புகைத்தழும்பும் விழாது. திறந்த நெருப்பில் சுட்டதா என்று விற்பவரிடம் கேட்டுக்கொள்ளலாம். விலையும் அதற்கேற்ப இருக்கும்.